ஊகப் பிழை

பிரிஸ்கா எழுதாத பரீட்சையில் நாற்பத்தொரு மார்க் வாங்கியிருந்தாள்.

கடைசி ஆண்டின் முதல் நாள் அது. கல்லூரிப் பேருந்து தூத்துக்குடிப் புறவழிச்சாலையைத் தாண்டுவதற்குள் எல்லோருடைய கைப்பேசியிலும் முடிவுகள் வந்து விழுந்தன. ஆறு பாடங்களில் ஐந்தில் அவளுக்குத் தேர்ச்சி. 'கணினிக் கட்டமைப்பு' என்கிற ஆறாவது பாடத்தில் மட்டும் 41, தோல்வி. அந்தப் பாடத்துக்கு இன்னும் ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. யார் எடுக்கப் போகிறார்கள் என்றுகூட அறிவிப்புப் பலகையில் ஒட்டவில்லை.

இதற்கு முன்முடிவு என்று பெயர். பல்கலைக்கழகம் நான்கு வருடங்களாக இப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தது. ஒரு மாணவி இதுவரை வாங்கிய மார்க், போட்ட லீவு, கல்லூரி கொடுத்த டேப்லெட்டில் எந்தப் பாடத்தை எத்தனை நிமிடம் திறந்து வைத்திருந்தாள், எந்தப் பக்கத்தோடு மூடினாள் என்பது வரை எல்லாம் இயந்திரத்திடம் இருந்தது. செமஸ்டர் முடிவில் அவள் என்ன வாங்குவாள் என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே அது சொல்லிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் எதற்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்? தேறுகிறவர்கள் உடனே வேலைக்குப் போகலாம். தேறாதவர்கள் ஜனவரி முதல் பட்டப்படிப்பை விட்டுவிட்டு 'தொழில்நுட்ப உதவியாளர்' சான்றிதழ்ப் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம். செமஸ்டர் கடைசியில் பேருக்கு ஒரு சரிபார்ப்புத் தேர்வு உண்டு. அதற்கு யாரும் வருவதில்லை. வராவிட்டால் முன்முடிவே முடிவு.

"என்னட்டி நாப்பத்தொண்ணு?" பக்கத்து இருக்கையில் இருந்த கோமதி எட்டிப் பார்த்தாள். "எனக்கு எழுவத்திரெண்டு போட்டிருக்கு. நீதானட்டி எனக்கு அந்தப் பாடத்த பத்திப் பேசிப் பேசி உயிர எடுத்த?"

பிரிஸ்காவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் ஆண்டில் அவள் அப்பா துறைமுகத்தில் டிரெய்லரிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டு அரசு மருத்துவமனையில் இரண்டு மாதம் கிடந்தார். வார்டில் சார்ஜ் போட இடம் கிடையாது. டேப்லெட் பெரும்பாலும் செத்துத்தான் கிடந்தது. அப்போது அவள் நூலகத்தின் கடைசி அலமாரியிலிருந்து கணினிக் கட்டமைப்பு பற்றிய ஒரு தடித்த அச்சுப் புத்தகத்தை எடுத்து வந்து, அப்பா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து படித்தாள். ஒரு கணினி ஒவ்வொரு கட்டளையையும் எப்படி எடுக்கிறது, புரிந்துகொள்கிறது, செய்து முடிக்கிறது என்று படங்கள் வரைந்து வரைந்து மூன்று நோட்டுகளை நிரப்பினாள். அதற்கு முன் எந்தப் பாடமும் அவளை அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை. ஆனால் இயந்திரத்தைப் பொறுத்தவரை அந்த இரண்டு மாதமும் அவள் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. அதோடு லீவு வேறு.

வீட்டில் சொன்னபோது அப்பா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார். "எழுதாத பரீட்சைல எப்படிம்மா ஃபெயில் ஆவ?"

அவள் விளக்கினாள். அவர் மறுபடியும் அதையே கேட்டார். மூன்றாவது தடவை அவள் விளக்கவில்லை.

*

மேல்முறையீட்டுக்கு ஒன்பதாம் எண் படிவம். அதைத் தேர்வுப் பிரிவில் இசக்கியப்பன் என்கிற எழுத்தரிடம் கொடுக்க வேண்டும். ஐம்பது வயதுக்காரர், கெட்டவர் இல்லை, ஆனால் தன் முன்னால் இருக்கும் திரை எதைக் கேட்கிறதோ அதைத் தவிர வேறு எதையும் கேட்கத் தெரியாதவர்.

"ஹால் டிக்கெட் நம்பர் போடலியேம்மா?"

"ஹால் டிக்கெட் எங்க சார் வாங்கணும்?"

"அது தானா வரும். பாஸ் ஆனவங்களுக்கு."

"நான் ஃபெயில்னு வந்திருக்கு சார். அதனாலதான் பரீட்ச எழுதணும்னு கேக்கேன்."

"ஃபெயில் ஆனவங்களுக்கு ஹால் டிக்கெட் எதுக்கும்மா?" அவர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். "சரிபார்ப்புத் தேர்வுன்னா, பாஸ் ஆனவன் பாஸ்தானான்னு பாக்கது. ஃபெயில் ஆனவன் எழுதி என்ன சரிபாக்க?"

"நான் ஃபெயிலான்னு சரிபாக்கணும் சார்."

"அதுக்குத்தான் ஒம்பதாம் நம்பர் படிவம் இருக்கு."

"அதத்தான் குடுத்திருக்கேன்."

"அதுல ஹால் டிக்கெட் நம்பர் இல்லியே."

பிரிஸ்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் வரிசையில் இல்லை. அந்த ஜன்னலுக்கு இப்போதெல்லாம் யாரும் வருவதே இல்லை.

ஆகஸ்டில் கோமதி கிளம்பிவிட்டாள். ஓசூரில் சிப் வடிவமைக்கும் ஒரு நிறுவனம் முன்முடிவுப் பட்டியலைப் பார்த்து அவளை எடுத்துக்கொண்டது. தையல் கடையை மூடிவிட்டு அவள் அம்மாவும் கூடவே போனாள். தங்கச்சியை அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வகுப்பில் இருந்த ஐம்பத்தொன்பது பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் இப்படியே ஒவ்வொரு ஊராகக் கலைந்து போனார்கள்.

பாடம் எடுக்க லோகாம்பாள் மேடம் வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். முதல் நாள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவர், காலியான பெஞ்சுகளையும் முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த பிரிஸ்காவையும் பார்த்துவிட்டு, கையிலிருந்த டஸ்டரை மேஜைமேல் போட்டார்.

"நீ யாரு?"

"பிரிஸ்கா, மேடம். நாப்பத்தொண்ணு."

"ஃபெயில் ஆன பொண்ணா? நீ ஏன் கிளாஸுக்கு வந்திருக்க?" கேட்டுவிட்டு அவரே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பாரு, என் வாயிலயே அந்தக் கேள்வி வருது. மூணு வருஷமா காலி ரூம்ல பாடம் எடுத்துட்டு வரேன். பாஸ் ஆனவன் பாஸ் ஆயிட்டோம்னு வரமாட்டான், ஃபெயில் ஆனவன் ஃபெயில் ஆயிட்டோம்னு வரமாட்டான். நான் மட்டும் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போவேன். இப்ப நீ வந்துட்ட. நான் பாடத்த மறுபடியும் படிச்சிட்டு வரணும்."

அவர் படித்துவிட்டுத்தான் வந்தார். எரிச்சலோடு ஆரம்பிப்பார், பாதி வகுப்புக்குள் கரும்பலகை நிறைந்துவிடும். செப்டம்பர் கடைசியில் கிளை ஊகம் பற்றிய பாடம் வந்தது.

"ப்ராசஸர் கட்டளைகள ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசைல அனுப்பிட்டே இருக்கும். ஒரு இடத்துல வழி ரெண்டாப் பிரியும். இடமா வலமான்னு தெரிய கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் சும்மா நிக்கணுமா? நிக்காது. போன தடவ எந்தப் பக்கம் போச்சோ அதை வச்சு ஊகிச்சு, அந்தப் பக்கத்து வேலைய செய்ய ஆரம்பிச்சிரும். நம்ம கேன்டீன்காரர் மாதிரி. நான் வாசல்ல செருப்ப விடும்போதே தோசைய ஊத்திடுவாரு. பெரும்பாலும் நான் தோசைதான் கேப்பேன். அவருக்கு நேரம் மிச்சம்."

"நீங்க இட்லி கேட்டா?"

"தோச வீண். அதுக்கு மேல தடவின பொடியும் வீண். தப்பான ஊகத்துக்கு அப்புறம் வரிசைல ஏறின அத்தனையையும் தூக்கிப் போட்டுட்டு, பிரிஞ்ச இடத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கணும்." மேடம் சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "உன் பல்கலைக்கழகம் இந்தப் பாடத்தத்தான் காப்பி அடிச்சிருக்கு."

பிரிஸ்கா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா காப்பி அடிக்கல மேடம்."

"ஏன்?"

"ப்ராசஸர் என்ன ஊகிச்சதுன்னு அந்தக் கட்டளைக்குத் தெரியாது. அது பாட்டுக்கு வந்து, தான் போக வேண்டிய பக்கம் போவும். எங்களுக்குச் சொல்லிட்டாங்களே. எழுவத்திரெண்டுன்னு சொன்ன பெறகு கோமதி ஏன் படிக்கப் போறா? படிச்சா எழுவத்திரெண்டு வாங்குவாங்கிறதுதான கணக்கு? அவ புத்தகத்தத் தொடவே இல்ல."

மேடம் டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்தார். பிறகு, "எந்திரி. அந்த ஆள்கிட்டப் போவோம்" என்றார்.

அன்று தொடங்கி இருவரும் சேர்ந்து இசக்கியப்பனிடம் நான்கு தடவை போனார்கள். நான்காவது தடவை அக்டோபரில். மேடம் விதிப்புத்தகத்தைக் காட்டினார். துறைத் தலைவரின் கடிதத்தைக் காட்டினார். இசக்கியப்பன் இரண்டையும் மரியாதையாக வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடிதத்துக்கென்று அவர் திரையில் கட்டம் எதுவும் இல்லை.

"வேற எந்த வழியிலதான் அந்த நம்பர் வரும்?" மேடம் குரல் உயர்ந்தது. "பாஸ் ஆகாம, ஹால் டிக்கெட் வாங்காம, யாருக்காவது நம்பர் வந்திருக்கா?"

இசக்கியப்பன் யோசித்தார். "ஆப்சென்ட் ஆனவங்களுக்கு வரும் மேடம். ஆப்சென்ட் போட்டா சிஸ்டமே ஒரு நம்பர் குடுக்கும்."

"போடுங்க."

"இன்னும் நடக்காத பரீட்சைக்கு எப்படி மேடம் ஆப்சென்ட் போட?"

"நடக்காத பரீட்சைக்கு மார்க் போட்டிருக்கீங்கல்ல?"

அவர் மறுபடியும் யோசித்தார். அதில் இருந்த நியாயம் அவரைத் தொட்டதா, மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதா என்று தெரியவில்லை. நவம்பரில் நடக்கப் போகிற தேர்வுக்குப் பிரிஸ்கா வரவில்லை என்று அக்டோபரிலேயே பதிவு செய்தார். எண் வந்தது. அந்த எண்ணை ஒன்பதாம் படிவத்தில் எழுதி, வராத தேர்வை எழுத அனுமதி கேட்டாள். அனுமதி கிடைத்தது.

*

தேர்வு நாளன்று அறுபது பேருக்கான கூடத்தில் அவள் ஒருத்திதான். மேற்பார்வைக்கு வந்த கட்டடவியல் ஆசிரியர், பத்து மணிக்குக் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தடவை மற்ற ஐம்பத்தொன்பது நாற்காலிகளையும் சுற்றி வந்தார்.

பிரிஸ்கா எழுதினாள். அடிக்கடி தேவைப்படுவதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகம் ஏன் வேண்டும் என்று எழுதினாள். கட்டளைகள் கடந்து போகும் ஐந்து நிலை வரிசையைக் கட்டம் போட்டு வரைந்தாள். கிளையின் விடை மூன்றாம் நிலையில்தான் தெரியும் என்றால் ஊகம் தவறும்போது எத்தனை கட்டளைகள் வீணாகும் என்று ஒரு கேள்வி இருந்தது. இரண்டு என்று எழுதி, அந்த இரண்டையும் படத்தில் பெருக்கல் குறி போட்டு அடித்தாள். ஒரு மணிக்கு வெளியே வந்தபோது விரல் வலித்தது. நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை.

எழுபத்தெட்டு வந்தது. கூடவே ஓசூர் நிறுவனத்திலிருந்து அவளுக்கும் ஒரு அழைப்பு வந்தது. அப்பா தெருவில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னார். இந்தத் தடவை அவருக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

அதற்கு ஒன்பதாவது நாள் பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கை வந்தது. 'மேற்படி வகுப்பில் ஊகப் பிழை ஒன்று உறுதி செய்யப்பட்டுள்ளதால், விதி பதினான்கின்படி, அதே வகுப்பில் அதே பாடத்துக்கு வழங்கப்பட்ட எல்லா முன்முடிவுகளும் அவற்றின் அடிப்படையில் செய்யப்பட்ட நியமனங்களும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. மாணவர்கள் அனைவரும் ஜனவரியில் நேரில் தேர்வு எழுத வேண்டும்.'

பிரிஸ்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு மேடத்தின் அறைக்கு ஓடினாள். "இந்த விதி உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"படிச்சிருக்கேன்." மேடம் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாலு வருஷத்துல ஒரு தடவகூட அதை எடுத்ததில்ல. எடுக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ எழுதியிருக்க மாட்ட."

அது உண்மையாக இருக்கலாம் என்று பிரிஸ்காவுக்கே தோன்றியது.

வகுப்புக் குழுவில் அன்று முழுவதும் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. 'ஒருத்தி பாஸ் ஆவ ஐம்பத்தெட்டுப் பேர இழுத்துட்டு வந்துட்டா' என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு முப்பது பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். கோமதி எதுவும் எழுதவில்லை. மறுநாள் மதியம் அவளே கூப்பிட்டாள்.

"ஏட்டி, சும்மா கேக்கேன். இதெல்லாம் வரும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுட்டி. சத்தியமா."

"சரி." பின்னால் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. "அம்மா சாமானெல்லாம் கட்டிட்டு இருக்கா. தங்கச்சிக்கு இங்கதான் கன்னடத்துல ரெண்டு ஃப்ரெண்டு கெடச்சிருந்தாளுவ. விடு. எனக்கு ஒண்ணுதான் பயமா இருக்கு. நான் அந்தப் பாடத்துல ஒரு எழுத்துப் படிக்கல பிரிஸ்கா. இங்க மூணு மாசமா வேல பாத்தேன்ல, என்ன வேல தெரியுமா? மெஷின் வரைஞ்சு குடுக்க சிப்புக்கு நான் சரின்னு டிக் அடிக்கணும். எது சரின்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாத்துக்கும் டிக் அடிச்சேன்."

பிரிஸ்கா அன்று மாலையே மூன்று நோட்டுகளையும் நகல் எடுக்கக் கொடுத்தாள்.

*

டிசம்பர் கடைசியில் ஐம்பத்தெட்டுப் பேரும் வந்து சேர்ந்தார்கள். வேலையிலிருந்து வந்தவர்களின் முகம் ஒவ்வொன்றும் மாமியார் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணின் முகம் மாதிரி இருந்தது. வகுப்பறையில் பாதி பெஞ்சுகளைக் கல்லூரி ஏற்கெனவே வேறு கட்டடத்துக்கு எடுத்துப் போயிருந்தது. இருபது பேர் தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் பிரிஸ்காவுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, கோமதியைத் தவிர.

இருபத்தொரு நாள். காலையில் மேடம் எடுத்தார். மத்தியானத்துக்கு மேல் கேன்டீனில் பிரிஸ்கா எடுத்தாள். முதல் இரண்டு நாள் அவளிடம் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. பைப்லைன் என்கிற அந்தக் கட்டளை வரிசையை விளக்க, ஐந்து பேரை எழுப்பி வரிசையாக நிற்க வைத்து, ஒருவன் தட்டை எடுக்க, ஒருவன் துடைக்க, ஒருத்தி பரிமாற என்று நிஜமாகவே கேன்டீன் வேலையைச் செய்ய வைத்தாள். கேன்டீன்காரருக்கு அது பிடித்துப்போனது. ஐந்தாம் நாள் நாற்பது பேர் இருந்தார்கள். "இத ஏன் யாரும் மொதல்லயே சொல்லித் தரல?" என்று, குழுவில் 'இழுத்துட்டு வந்துட்டா' என்று எழுதியவனே கேட்டான். பிரிஸ்காவுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. "ஆகஸ்ட்லேர்ந்து மேடம் இங்கதான் நின்னு சொல்லிட்டு இருந்தாங்க" என்றாள்.

கோமதிக்குக் கேஷ் பாடம்தான் புரிய மாட்டேன் என்றது. ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, முதலிலிருந்து கேட்டாள். பதினெட்டாம் நாள் அவளே கோபமாக வந்தாள். "ஏட்டி, ஓசூர்ல நான் டிக் அடிச்சேன்ல, அதுல ஒண்ணு தப்பு. இப்பத்தான் தெரியுது. அந்தக் கேஷ் அப்படி இருந்தா வேல செய்யாது." அவள் குரலில் இருந்தது பயமா சந்தோஷமா என்று பிரிஸ்காவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஜனவரியில் எல்லோரும் எழுதினார்கள். ஐம்பத்தெட்டில் ஐம்பத்தேழு பேர் தேறினார்கள். ஒருத்தன் டைபாய்டு காய்ச்சலோடு வந்து பாதியில் எழுந்து போயிருந்தான். மார்க்குகளும் ஏறக்குறைய முன்முடிவு சொன்னபடியே இருந்தன. கோமதி எழுபத்தொன்று. அன்றைக்குக் கேன்டீனில் எல்லோரும் பிரிஸ்காவோடு ஒரே மேஜையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தின் அறிக்கை வந்தது. மேடம் அதை அச்செடுத்து வைத்திருந்தார். தாளை மேஜைமேல் போட்ட விதத்திலேயே பிரிஸ்காவுக்கு விஷயம் நல்லதில்லை என்று தெரிந்தது.

"படி."

நேரடித் தேர்வின் முடிவுகள் முன்முடிவுகளோடு தொண்ணூற்றெட்டு சதவீதம் ஒத்துப்போனதாக அறிக்கை சொன்னது. இதனால் முன்முடிவின் நம்பகத்தன்மை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதாகவும், இனி சரிபார்ப்புத் தேர்வும் ஒன்பதாம் படிவமும் தேவையில்லை என்றும் சொன்னது. கடைசிப் பத்தியில், இந்த மாணவர்களின் வகுப்பு வருகை சுழியமாக இருந்தும் தேர்ச்சி பாதிக்கப்படவில்லை என்பதால், இப்பாடத்துக்கு வகுப்புகள் நடத்துவதையே அடுத்த ஆண்டு முதல் நிறுத்தலாம் என்று பரிந்துரை இருந்தது.

"சுழியமா?" பிரிஸ்கா நிமிர்ந்தாள். "இருவத்தொரு நாள் தரையில உக்காந்து படிச்சாங்களே மேடம்."

"அது கால அட்டவணைல இல்ல. பதிவாகல." மேடம் சிரித்தார், சிரிப்பு மாதிரி இல்லை. "நீ ராப்பகலா உக்காந்து அவங்களத் தேத்திவிட்ட. நீ தேத்திவிட்டதால மெஷின் சொன்னது பலிச்சிருச்சு. பலிச்சதால மெஷின் சரின்னு ஆயிருச்சு. சரின்னு ஆனதால இனிமே யாருக்கும் யாரும் சொல்லிக்குடுக்க வேண்டாம்."

"என்னோட எழுபத்தெட்டு?"

"ஒரு விதிவிலக்கு. கீழே சின்ன எழுத்துல இருக்கு பாரு."

*

அறிக்கையை ஏற்றுக்கொள்வதாக வகுப்பிலிருந்த ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அது முடிந்தால்தான் நியமனங்கள் விடுவிக்கப்படும். பிரிஸ்காவும் கோமதியும் ஒன்றாகத் தேர்வுப் பிரிவுக்குப் போனார்கள். அன்று மாலை ஓசூர் பேருந்தில் இருவருக்கும் இடம் போட்டிருந்தது. கோமதியின் அம்மாவும் தங்கச்சியும் பெட்டிகளோடு ஏற்கெனவே பேருந்து நிலையத்துக்குக் கிளம்பியிருந்தார்கள்.

கோமதி போட்டாள். இசக்கியப்பன் பிரிஸ்காவின் தாளை நகர்த்தினார். அவள் பேனாவைத் திறந்தாள். 'அறிக்கையில் உள்ளவை உண்மை என ஒப்புக்கொள்கிறேன்' என்ற வரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சட்டுனு போடும்மா. ஆர்டரே நேத்து வந்துட்டு."

"என்ன ஆர்டர் சார்?"

"அறிக்கைய ஏத்துக்கிட்டாச்சுன்னு. ஐம்பத்தொம்பது பேரும் கையெழுத்துப் போட்டாச்சு, வகுப்ப நிறுத்தலாம்னு."

"நான் இன்னும் போடலியே."

"போடுவன்னு முன்முடிவு வந்துட்டும்மா." அவர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் பெயருக்கு நேரே பச்சையாக ஒரு டிக் இருந்தது. தேதி, நேற்று. "இந்தக் காகிதம் சும்மா ஃபைலுக்கு."

பிரிஸ்கா பேனாவை மூடவில்லை. "நான் போடலன்னா?"

இசக்கியப்பன் அவளை முதல் தடவையாகத் திரையைவிட்டு நேராகப் பார்த்தார். "ஏம்மா, மறுபடியுமா?"

"சொல்லுங்க சார்."

"போடலன்னா ஆர்டர் நிக்காது. என்ன ஆட்சேபணைன்னு எழுதித் தரணும். விசாரணை வைப்பாங்க. மெஷின் இல்ல, ஆளுங்க. ஒவ்வொருத்தரையா கூப்புட்டு, படிச்சியா, எங்க படிச்சன்னு வாயால கேப்பாங்க. ரெண்டு மாசமாவது இழுக்கும். அதுவரைக்கும் ஐம்பத்தெட்டுப் பேர்ல ஒருத்தரும் வேலைக்குப் போவ முடியாது." குரலைத் தாழ்த்தினார். "நீயும்தான்."

பிரிஸ்கா கோமதியைப் பார்த்தாள். கோமதி அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. வெளியே கல்லூரிப் பேருந்துகளைக் கழுவும் சத்தம் கேட்டது. ஐம்பத்தெட்டுப் பேரும் மறுபடியும் தன்னை என்ன சொல்வார்கள் என்று பிரிஸ்காவுக்குத் தெரியும். அப்பாவிடம் மறுபடியும் எதை விளக்க வேண்டியிருக்கும் என்றும் தெரியும். அதற்கெல்லாம் அவள் தயாராக இருந்தாள். ஓசூரில் ஒரு தடவை வீட்டைக் காலி செய்த கோமதியின் அம்மாவுக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"கோமதி," என்று ஆரம்பித்தாள்.

"பேசாத." கோமதி தோளிலிருந்த பையைக் கழற்றி பெஞ்சில் தொப்பென்று போட்டாள். "என்னத்த பேசப் போற? எனக்கு ஒண்ணும் புரியலன்னு நெனைக்கியா? அடுத்த வருஷம் எவளாவது ஒருத்தி எல்லாத்துக்கும் டிக் அடிச்சிட்டு உக்காந்திருப்பா." ஒரு பெருமூச்சு விட்டாள். "எழுதித் தொல. உன் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும், அவங்க படிக்க மாதிரி எழுது. எழுதி முடி, கீழ நானும் போடுதேன்."

இசக்கியப்பன் மேஜை இழுப்பறையைத் திறந்து, கோடு போட்ட வெள்ளைத்தாள் இரண்டை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். பிரிஸ்கா தேதி போட்டு, முதல் வரியை எழுத ஆரம்பித்தாள்.

கோமதி சற்றுத் தள்ளிப் போய் நின்று கைப்பேசியை எடுத்தாள்.

"அம்மா, பஸ்ஸு வந்துட்டா? சரி, ஏறாத. பெட்டியெல்லாம் எறக்கி வையி. இல்லம்மா, ஒண்ணும் ஆவல. வந்து சொல்லுதேன்."